மதுரைக்குக் குடும்பத்தோடு போனால் வெளி வீதிக்கு உள்ளேயே தங்குங்கள்

மதுரையில் எங்கே தங்கலாம் என்று யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான். பழைய ஊரைச் சுற்றி ஓடும் நான்கு வெளி வீதிகளுக்கு உள்ளே, மீனாட்சியம்மன் கோயிலுக்கு நடந்தே போகிற தூரத்தில், சுத்தமான ஒரு பழைய லாட்ஜில் அறை எடுங்கள். ரிங் ரோட்டில் நீச்சல் குளத்தோடு இருக்கும் ஓட்டல் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வயதானவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு அது தோதுப்படாது.

காரணம், கோயில் நேரம். மதியம் 12.30 வாக்கில் நடை சாத்தினால் மறுபடி திறப்பது 4 மணிக்கு. அந்த மூன்றரை மணி நேர வெயிலில் அம்மாவை எங்கே உட்கார வைப்பது? நாங்கள் மேலமாசி வீதிப் பக்கம் தங்கியிருந்ததால் சாப்பிட்டுவிட்டு நேரே அறைக்கு வந்து படுத்துவிட்டோம். எழுந்து, முகம் கழுவி, சாயங்காலம் திரும்பவும் கோயில். 2018-இல் கோயிலில் நடந்த தீ விபத்துக்குப் பிறகு உள்ளே செல்போனுக்கு அனுமதி இல்லை. போன்களை அறையிலேயே வைத்துவிட்டுப் போனதால் லாக்கர் வரிசையில் நிற்கிற வேலையும் மிச்சம்.

இரவு பள்ளியறை பூஜை வரை இருந்தோம். சுவாமியின் பாதுகை பல்லக்கில் அம்மன் சந்நிதிக்கு வருவதை என் மகள் கண் கொட்டாமல் பார்த்தாள். ஊருக்கு வெளியே தங்கியிருந்தால் எட்டு மணிக்கே "ஆட்டோ கிடைக்குமா" என்று கிளம்பியிருப்போம். அப்புறம் வழியில் சூடாக நாலு இட்லி. தூங்கா நகரம் என்று சும்மா சொல்லவில்லை.

லாட்ஜைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு கட்டில், கேட்டவுடன் தரையில் போட ஒரு கூடுதல் மெத்தை, வெள்ளை வெளேரென்று விரிப்பு. வாடகை 2,000 ரூபாய்க்குள். அம்மாவின் முழங்காலைப் பார்த்ததும் மேனேஜர் அவராகவே மூன்றாம் மாடிச் சாவியை வைத்துவிட்டு முதல் மாடிச் சாவியை எடுத்துக் கொடுத்தார். காலையில் ரூம் பையன் பிளாஸ்கில் காபி வாங்கி வந்து, டம்ளர்களை வெந்நீரில் அலசிவிட்டு ஊற்றினான். 24 மணி நேரச் செக்-அவுட் வேறு. சாயங்காலம் 5 மணிக்கு அறை எடுத்தால் மறுநாள் 5 மணி வரை நம்முடையது. பெரிய ஓட்டல்களில் பகல் 11 மணிக்கே பெட்டியைக் கட்டச் சொல்கிறார்கள். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அந்த ஆறு மணி நேரம் எவ்வளவு பெரிய விஷயம்!

இன்னொன்று, அந்தத் தெருக்களில் தங்குவதே ஊரைப் பார்ப்பதுதான். கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று சதுரம் சதுரமாக வீதிகள். அதற்கும் வெளியே, 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டையை இடித்து விரித்த தெருக்கள். அந்த வேலையில் இருந்த பெருமாள் மேஸ்திரியின் பெயரில் உள்ள வீதியில்தான் இன்று வரிசையாக லாட்ஜுகள். ரயில் நிலையத்துக்கு எதிரே ராணி மங்கம்மாள் சத்திரம். வழிப்போக்கருக்கு இடம் கொடுப்பது இந்த ஊருக்கு முந்நூறு வருடத்துக்கும் மேலான பழக்கம்.

குறை இல்லாமல் இல்லை. முதலில் நாங்கள் ஆன்லைனில் பதிவு செய்திருந்த இடம் வேறு. படத்தில் இருந்த அறை ஒன்று, காட்டிய அறை ஒன்று. ஜன்னலே கிடையாது, சுவரில் ஈரம். முன்பணம் திரும்பி வரவில்லை. அதனால் சொல்கிறேன்: அறையைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். குழாயைத் திறந்து பாருங்கள், வெந்நீர் எத்தனை மணி வரை வரும் என்று கேளுங்கள், பார்க்கிங் உண்டா என்றும் கேளுங்கள். காரில் போகிறவர்களுக்கு அதுதான் பெரிய தலைவலி.

லாட்ஜ் முதலாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்பா அம்மாவைக் கூட்டி வருகிறவர்கள். குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, வழுக்காத தரை, தளத்துக்கு ஓர் அறையிலாவது வெஸ்டர்ன் டாய்லெட். இதற்கு லட்சக்கணக்கில் ஆகாது. வாடகையில் 100 ரூபாய் கூட்டிக்கொள்ளுங்கள், சந்தோஷமாகத் தருவோம்.

சித்திரைத் திருவிழாவுக்குப் போவதாக இருந்தால் மட்டும் போய்ப் பார்த்து எடுக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். திருக்கல்யாணத்துக்கும் அழகர் ஆற்றில் இறங்குவதற்கும் எல்லா அறைகளும் முன்கூட்டியே போய்விடும். லாட்ஜுக்கே நேரடியாகப் போன் போட்டுச் சொல்லி வையுங்கள்.