தொடர்பு இல்லை

நான் படித்த விடுதிப் பள்ளியின் விழா மலர் போன வாரம் தபாலில் வந்தது. பள்ளியின் பெயர் வேண்டாம், நாகைக்குப் பக்கம் என்பதோடு விடுங்கள். வழவழ தாள். முன்னட்டைக்கு உள்ளே நகைக்கடை விளம்பரம், பின்னட்டையில் ஜவுளிக்கடை. நடுவில் ‘எங்கள் பெருமைகள்’ என்று பன்னிரண்டு முகங்கள். டாக்டர்கள், ஒரு நீதிபதி, அமெரிக்காவில் இருக்கும் இரண்டு பேர். எங்கள் வகுப்பு வலங்கைமானும் இருக்கிறாள், தலைமையாசிரியை ஆகிவிட்டாள். அவளுக்கு அது தகும். கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் பழைய மாணவிகள் பட்டியல். 1985இல் பத்தாம் வகுப்பு முடித்த விடுதிப் பிள்ளைகள் நாங்கள் 41 பேர். அதில் 26 பேருக்கு நேரே ‘தொடர்பு இல்லை’ என்று அச்சடித்திருக்கிறார்கள்.

யாருக்கு யாரோடு தொடர்பு இல்லை என்று கேட்கத் தோன்றியது. அதனால்தான் இந்தப் பதிவு. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வலங்கைமான் என்பது அவள் பெயர் இல்லை. எங்கள் விடுதியில் ஊர்தான் பேர். ஒரே வகுப்பில் நாலு தமிழ்ச்செல்வி, மூன்று ராணி இருந்தால் வார்டனம்மா என்ன செய்வார், பாவம். “ஏ திருமருகல், தொட்டி ரொம்பிடுச்சா பாரு”, “முத்துப்பேட்டை, ஒனக்கு லெட்டர்” என்று அவர் ஆரம்பித்துவைத்தது அப்படியே ஒட்டிக்கொண்டது. நான் கீழையூர். இன்றைக்கும் பஸ்ஸில் யாராவது “கீழையூர் ஒண்ணு” என்று டிக்கெட் கேட்டால் திரும்பிப் பார்க்கிறேன்.

ஊருக்கு அடுத்து நம்பர். டிரங்குப் பெட்டி, தட்டு, டம்ளர், பாவாடை உள்மடிப்பு என்று எல்லாவற்றிலும் அது இருக்கும். ஆடுதுறைக்காரிக்கு 36 விழுந்தது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த குறுவை ரகம் ஒன்றின் பேரும் ஆடுதுறை 36. விவசாய வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த விடுதியில் இது போதாதா? “முப்பத்தாறு வெளஞ்சிடுச்சா, அறுக்கலாமா?” என்று அவள் சடங்காகி வீட்டுக்குப் போய்த் திரும்பிய வாரம் முழுக்க ஓட்டியதில் அழுதுவிட்டாள். அதில் என் குரலும் இருந்தது.

பையன்கள் விடுதியில் படித்தவர்களைத் தேடுவது இவ்வளவு கஷ்டம் இல்லை. என் அண்ணன் அவன் ஹாஸ்டல்காரர்கள் அத்தனை பேரையும் ஒரே மாதத்தில் வாட்ஸப்பில் சேர்த்துவிட்டான். ஊருக்குப் போய் டீக்கடையில் அப்பா பெயரைச் சொன்னால் போதும், ஆள் துபாயில் இருந்தாலும் நம்பர் கிடைத்துவிடும். பெண்ணுக்கு அப்படியா? கல்யாணமானதும் இனிஷியல் மாறுகிறது, ஊர் மாறுகிறது. அப்பா அம்மா போய்ச் சேர்ந்தபின் பிறந்த ஊரில் அவளை விசாரிக்க வீடே இருப்பதில்லை. பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேட்டில் அப்பாவின் இனிஷியலோடு ஒருத்தி இருக்கிறாள். ரேஷன் கார்டில் புருஷனின் இனிஷியலோடு ஒருத்தி இருக்கிறாள். இரண்டும் ஒரே ஆள் என்று அறிந்தவர்கள் செத்துக்கொண்டே வருகிறார்கள்.

இது எனக்கு உறைத்தது அக்கரைப்பேட்டையால்.

கடற்கரைப் பிள்ளை. பாட்டி மீன் விற்ற காசில் படித்தவள். மனக்கணக்கில் டீச்சரையே முந்துவாள். காலாண்டு விடுமுறைக்கு இன்னும் எத்தனை நாள் என்று நாங்கள் எண்ணினால், அவள் எத்தனை மணி நேரம் என்று சொல்வாள். ராத்திரி விளக்கணைத்தபின் இருட்டில் இருந்து “நூத்தி நாப்பத்தி மூணு” என்று குரல் வரும், எல்லோரும் சிரிப்போம். பத்தாவதோடு நின்றாள், உடனே கல்யாணம்.

2004 டிசம்பர் 26, சுனாமி. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேலே போய்விட்டார்கள். அக்கரைப்பேட்டை பட்ட பாட்டை இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் அப்போது திருச்சியில் வேலையில் இருந்தேன். இறந்தவர்கள் பட்டியல் கையில் கிடைத்தபோது விரலை வைத்து வரிவரியாகப் பார்த்தேன். அவள் பெயர் மூன்று இடத்தில் இருந்தது. மூன்றிலும் வேறு இனிஷியல். அப்பாடா என்று மடித்து வைத்துவிட்டேன். 2011இல் நாகூரில் ஒரு கல்யாணப் பந்தியில் அவள் தங்கையைப் பார்த்தேன். அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். “அந்த லிஸ்ட்லதான் இருந்துச்சே, நீங்க பாக்கலையாக்கா?” என்றாள்.

பார்த்தேன். ஏழு வருஷம் அவள் உயிரோடு இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். மலரில் அவளுக்கு நேரே இன்றும் ‘தொடர்பு இல்லை’.

இந்தக் கரையில் பள்ளிக்கூடத்தார் எழுதிவைக்கத் தெரியாதவர்கள் இல்லை. தரங்கம்பாடியில் 1706இல் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் அடுத்த ஆண்டே பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி வைத்தார். எத்தனை பிள்ளைகள், என்ன படிக்கிறார்கள் என்று அந்த மிஷன்காரர்கள் ஜெர்மனியில் ஹாலே நகருக்கு எழுதியனுப்பிக்கொண்டே இருந்தார்கள். 1710 முதல் அதை அச்சும் போட்டார்கள். இன்றைக்கும் அங்கே பத்திரமாக இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டுப் பிள்ளைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய முடிகிறது. எங்கள் விடுதிப் பதிவேடுகள் கட்டடம் புதுப்பித்தபோது பழைய பேப்பர் கடைக்குப் போயின, கிலோ கணக்கில்.

அதற்காக அந்தக் காலம் எல்லோரையும் நினைவில் வைத்தது என்றும் சொல்லமாட்டேன். தஞ்சாவூரில் சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய தேவாலயத்தில் ஒரு பளிங்குச் சிற்பம் இருக்கிறது. பாதிரியார் ஷ்வார்ட்ஸ் சாகக் கிடக்கிறார், பக்கத்தில் சரபோஜி மன்னர் நிற்கிறார். 1798இல் போன தன் ஆசானுக்காக இலண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மேனைக் கொண்டு மன்னரே செய்வித்தது. அதே ஷ்வார்ட்ஸிடம் வந்து சேர்ந்து படித்த இன்னொரு பையன் வேதநாயகம் சாஸ்திரியார், பெரிய கவிராயர் ஆனார். ராஜாவையும் கவிராயரையும் தெரிகிறது. கூடத் தரையில் உட்கார்ந்த மற்றப் பிள்ளைகள் யார்? நம் மலரின் பன்னிரண்டு முகமும் அதே கணக்குத்தான்.

இனி தலைஞாயிறு. இவளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

பத்தாவதில் இரண்டு தடவை கோட் அடித்தாள். கணக்கு வரவேயில்லை. ஆனால் மெஸ் சமையல்காரம்மா லீவு போட்ட அன்றைக்கெல்லாம் அடுப்படி இவள் கையில். 120 பேருக்கு எத்தனை படி அரிசி, எத்தனை கை புளி என்பது அவளுக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே அத்துப்படி. பிறகு நடவு, களையெடுப்பு, மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்காத வருஷங்களில் திருப்பூர் பனியன் கம்பெனி, திரும்பி வந்து மகளிர் குழு. 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் அடித்தபோது எங்கள் பக்கம் தென்னை, மா, ஓட்டுக்கூரை, கரண்ட் கம்பம் எதுவும் மிஞ்சவில்லை. வேளாண்மையும் போச்சு, சோறும் போச்சு. அன்று மத்தியானமே பள்ளிக்கூடத்து வாசலில் மூன்று கல் கூட்டி, விழுந்த தென்னைமட்டையை எரித்து, கிடைத்த அரிசியைப் போட்டுக் கஞ்சி காய்ச்சியவள் அவள். பதினோரு நாள் அந்த அடுப்பு அணையவில்லை. முதல் நாள் இருநூறு பேர், அப்புறம் கணக்கே இல்லை. “ஹாஸ்டல்ல கத்துக்கிட்டதுடி. வேற என்னாத்த கத்துக்கிட்டேன் அங்க?” என்றாள் என்னிடம். ‘எங்கள் பெருமைகள்’ பக்கத்தில் அவள் இல்லை. பத்தாவது பாஸ் செய்யவில்லையே.

விடுதி வாழ்க்கையைப் பொன்னால் பூச எனக்கு விருப்பமில்லை. பிரம்படி உண்டு, வீட்டு ஏக்கத்தில் காய்ச்சல் வந்த பிள்ளைகள் உண்டு. ஊர்ப் பெயரில் கூப்பிட்டதால் எங்களுக்குள் சாதி தெரியாமல் இருந்தது என்று முப்பது வருஷம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். தலைஞாயிறிடமும் ஒருநாள் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. “ஒங்கள எல்லாம் எந்த ஊருன்னு கேட்டாங்க. என்னைய எந்தத் தெருன்னு கேட்டாங்க” என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பெருமையை நான் எங்கும் சொல்வதில்லை.

என் கருத்து இதுதான். அடுத்த மலருக்குக் காசு கேட்டு வருவீர்கள், தருகிறேன். முகங்கள் போடும் பக்கத்தைக் குறைத்து, ஒவ்வொருத்திக்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். செத்தவளுக்கும் இருப்பவளுக்கும் ஒரே அளவு. அப்பா இனிஷியல், புருஷன் இனிஷியல் இரண்டையும் போடுங்கள். என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்று வேண்டாம். அவள் எதற்குச் சிரிப்பாள், எந்தப் பாடம் பிடிக்கும், பத்தாவதுக்குப் பிறகு எங்கெங்கே இருந்தாள் என்று கூடப் படித்தவளே எழுதட்டும். எழுத வராவிட்டால் போனில் சொல்லட்டும், தட்டச்சு செய்ய நான் இருக்கிறேன். நம் குரூப்பில் ஒருத்தி போனால் இப்போது என்ன நடக்கிறது? கைகூப்பிய படம், ‘ஆழ்ந்த இரங்கல்’, ‘ஓம் சாந்தி’, நாற்பது தடவை. நாற்பத்தொன்றாவதாக ஒருத்தி வந்து “இது யாருடி?” என்று கேட்கிறாள். பதில் சொல்ல ஆளில்லை, அதற்குள் யாரோ காலை வணக்கம் போட்டுவிடுகிறார்கள்.

26 பேரில் இந்த வாரம் நான்கு பேர் கிடைத்துவிட்டார்கள். திருமருகல் காரைக்காலில் இருக்கிறாள், பேரன் எடுத்துவிட்டாள். கோடியக்கரை இறந்து ஒன்பது வருஷம் என்று மகன் சொன்னான், அவனுக்கு அம்மா எங்கே படித்தாள் என்பதே தெரியாது. ஆடுதுறை இன்னும் கிடைக்கவில்லை. ஆராய்ச்சி நிலையக் குடியிருப்புப் பக்கம் இருந்த குடும்பம், அப்பா அங்கே வயல் வேலை, 1985இல் பத்தாவது. யாருக்காவது தெரிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். முப்பத்தாறு என்று கேட்டால் அவளே திரும்புவாள். அந்த வாரத்துக்கு நான் அவளிடம் மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது.

இதைப் போடுமுன் தலைஞாயிறுக்குப் போனில் படித்துக் காட்டினேன். கஞ்சி காய்ச்சியதை எழுதலாமா என்றதற்கு, “எழுதிக்க” என்றாள். வைக்கப் போனவள் மறுபடி கூப்பிட்டாள்.

“ஏய் கீழையூர், அந்த ஹாஸ்டல் கோதுமச் சோறு நல்லாருந்துச்சுன்னு மட்டும் எழுதிப்புடாத. புழுவு நெளிஞ்சிச்சு.”