பூசை இல்லாத சிலைன்னு சிரிச்சீங்களே

ஞாயித்துக்கெழமை அன்னதானத்துல என்ன நடந்துச்சுன்னு இதைப் படிக்கிற ரங்கூன்காரங்க முக்காவாசிப் பேருக்குத் தெரியும், அதனால முழுசா திரும்பச் சொல்லல. யார் சொன்னாங்கன்னும் எழுத மாட்டேன். ஆனா சொன்ன வார்த்தை நாலு நாளா காதுலயே நிக்குது. "இவ்வளவு செலவழிச்சு ஊருக்குப் போயி, பூசை இல்லாத சிலை முன்னாடியா ஒரு பொழுது பூரா ஒக்காந்திருந்தீங்க?" அதுக்கு பந்தியில இருந்த அத்தனை பேரும் சிரிச்சீங்க. அந்தச் சிலையை வரைஞ்ச நோட்டை ஆசையா நீட்டிக்கிட்டு நின்ன எங்க சின்னவளுக்கு பதினாலு வயசு. நோட்டை மூடி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு செருப்பு விட்ட எடத்துல போய் தனியா நின்னுட்டா.

ஆமா, ஒக்காந்திருந்தோம். தஞ்சாவூர் அரண்மனைக்குள்ள, நாயக்கர் தர்பார் மண்டபத்துல 1951லேர்ந்து இருக்குற கலைக்கூடத்துல. பழைய ஊருக்குள்ள நெருக்கடியான தெருவெல்லாம் தாண்டிப் போனா கோபுரம் மாதிரியே ஒண்ணு நிக்கும், கோயில்னு நெனச்சு கும்பிடப் போயிட்டேன், அது ராஜாக்களோட ஆயுத கோபுரமாம். உள்ள சரபோஜி ராஜாவோட வெள்ளைப் பளிங்குச் சிலை, பக்கத்துல சரஸ்வதி மகால் நூலகம். அதெல்லாம் ஒரு பார்வைல பார்த்துட்டு வந்துட்டோம். ஒரே ஒரு சிலை முன்னாடிதான் நகர முடியல.

ரிஷபவாகனர், காளை வாகனத்தோட இருக்குற சிவன். திருவெண்காட்டுல மண்ணுக்குள்ளேர்ந்து கெடைச்சவர். ராஜராஜ சோழன் காலம், 1011ஆம் வருஷம். மூணரை அடி ஒசரம் இருப்பார். ஒரு காலை மறு காலுக்குக் குறுக்கா போட்டு, தலையில பாம்பையே தலைப்பாகையா சுத்திக்கிட்டு, ஒரு கையை மடக்கி மாட்டு மேல சாஞ்சு நிக்கிறார். மாடுதான் இல்ல. அது காணாமப் போச்சு, கை மட்டும் காத்துல சாஞ்சிருக்கு. ஆனா பார்க்கும்போது மாடு இல்லன்னே தோணாது, அந்தத் தோள் அப்படி சாஞ்சிருக்கு. தேன்மெழுகுல உருவம் பிடிச்சு, வண்டல் மண்ணு பூசி, சுட்டு, மெழுகை உருக்கி வெளிய விட்டுட்டு அந்த எடத்துல உலோகத்தை ஊத்துறது. அச்சை ஒடைச்சாத்தான் சாமி வெளிய வரும், அதனால அதே மாதிரி இன்னொண்ணு வராது. சுவாமிமலையில இன்னைக்கும் அப்படித்தான் செய்றாங்க. சின்னவ பேர்ப்பலகையை எழுத்துக் கூட்டி வாசிச்சா, "தி-ரு-வெண்-கா-டு"ன்னு. ஞாயித்துக்கெழமை தமிழ் வகுப்புல படிச்சது அன்னைக்குத்தான் ஒரு எடத்துல உதவுச்சு.

இதுல எனக்கு இன்னொரு காரணமும் இருக்கு, யார்கிட்டயும் சொன்னதில்ல. 1964ல இங்க கடைகளையெல்லாம் பர்மா அரசாங்கம் எடுத்துக்கிட்டப்போ எங்க பெரியப்பா கப்பலேறிட்டார், அப்பா இங்கயே இருந்துட்டார். பெரியப்பா தஞ்சாவூர்லேர்ந்து அனுப்புன கறுப்புவெள்ளைப் படம் ஒண்ணு எங்க வீட்டு சாமி மாடத்துல முருகனுக்குப் பக்கத்துல இருந்துச்சு. இதே சிலை. அப்பா தெனம் அதுக்கும் சேர்த்துத்தான் சூடம் காட்டுவார். நர்கிஸ் புயல்ல கூரை போனப்போ அந்தப் படமும் போயிடுச்சு. அப்பா கடைசி வரைக்கும் தஞ்சாவூர் போகவே இல்ல. நான் ரெண்டு வருஷம் சீட்டுக் கட்டி போனேன். இதுக்குப் பேரு வெட்டிச் செலவுன்னா, சேலை வாங்கப் போறவங்களை ஒரு நாளும் யாரும் கேட்டதில்லயே, அது ஏன்?

"பூசை இல்லன்னா அது வெறும் உலோகம்தான்"னு சாஸ்திரம் சொல்ல வருவீங்க. சரி. அப்ப பர்மாவோட பழைய தலைநகரமான பகான்ல இருக்குற கல்வெட்டுக்கு எந்த ஐயர் பூசை பண்றார்? 13ஆம் நூற்றாண்டுலயே நம்ம ஆளு ஒருத்தர் அங்க நானாதேசி விண்ணகரம்ங்குற பெருமாள் கோயிலுக்கு மண்டபம் கட்டிக் கொடுத்ததை தமிழ்ல கல்லுல வெட்டி வச்சிருக்காங்கன்னு, பொங்கல் விழா மேடையில மைக்கைப் பிடிச்சு பெருமையா பேசுறது யாரு? நீங்கதான். நானும் கை தட்டியிருக்கேன். மேடையில பேசும்போது பெருமை, ஒரு புள்ள நேர்ல போய் பார்த்துட்டு வந்தா சிரிப்பா?

சாமி சிலை கோயில்லதான் இருக்கணும்னு சொல்றவங்களும் இருக்காங்க. அவங்க சொல்றதுல ஞாயம் இருக்கு, மறுக்கல. திருவெண்காட்டு சாமி திருவெண்காட்டுல இருந்தா எனக்கும் சந்தோஷம்தான். ஆனா அதுக்கு சின்னவ என்ன பண்ணுவா?

"பெரியவர் வெளையாட்டா சொன்னார்மா, விடு"ன்னு ரெண்டு அக்காமார் போன் பண்ணினாங்க. விட முடியல அக்கா. பர்மாக்காரங்க அவங்க புள்ளைங்களை ப்யே ரோடு மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போய், கல்கத்தாவுலேர்ந்து 1948ல திரும்பி வந்த பர்மா ராஜாவோட சிங்காசனத்தைக் காட்டி "இது நம்மளது"ன்னு சொல்றாங்க. அதுல யாரும் இப்ப ஒக்கார்றதில்ல, யாரும் சிரிக்கிறதும் இல்ல. நம்ம புள்ளைங்களுக்கு "இது நம்மளது"ன்னு காட்ட என்ன இருக்கு? காவடியும் தீமிதியும் இருக்குதான், நானும் பால்குடம் எடுக்குறவதான். ஆனா இங்க தெருவுல ஒருத்தன் "கலா"ன்னு, இந்தியாக்காரங்களை எளக்காரமா சொல்ற வார்த்தையில கூப்புடுறான், அங்க போனா ஆட்டோக்காரத் தம்பி "நல்லா தமிழ் பேசுறீங்களே, எங்க கத்துக்கிட்டீங்க"ன்னு கேக்குறார். அவர் நல்ல மனசோடதான் கேட்டார், ஆனா எங்க அம்மாகிட்ட கத்துக்கிட்டேன்னு சொல்றதுக்குள்ள எனக்கு தொண்டை அடைச்சுடுச்சு. ரெண்டு பக்கமும் வெளியாளா நிக்கிற புள்ள, ஆயிரம் வருஷத்துக்கு முந்தி நம்மாளு கையால செஞ்ச ஒண்ணு முன்னாடி தரையில ஒக்காந்து மூணு மணி நேரம் வரைஞ்சா. அங்க யாரும் அவளை நீ எந்த ஊருன்னு கேக்கல. அந்த மூணு மணி நேரத்தைத்தான் நீங்க சிரிச்சீங்க.

பெரியவங்களை எதிர்த்து எழுதுறேன்னு கோவம் வரும். வரட்டும். உங்க கையால விபூதி வாங்கித்தான் அவ வளந்தா, அதனாலதான் நோட்டை மொதல்ல உங்ககிட்ட கொண்டு வந்தா.

நேத்து ராத்திரி அவ தூங்குனப்புறம் அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். மொதப் பக்கத்துல சிலை, அங்க இருக்குறபடியே, கைக்குக் கீழ ஒண்ணுமில்லாம. அதை மட்டும்தான் நீங்க பார்த்தீங்க. அடுத்த பக்கத்துல மாட்டையும் வரைஞ்சு வச்சிருக்கா. தஞ்சாவூர்ல பார்த்த மாடு இல்ல, பகோ போற வழியில வண்டியில பூட்டியிருக்குமே, கழுத்துல மர மணி கட்டுன மாடு, அது. சாமி கை அது முதுகு மேல சரியா படியுது. ஞாயித்துக்கெழமை அதைக் காட்டத்தான் வந்திருக்கா, அந்தப் பக்கத்தை யாரும் திருப்பவே இல்ல.