தெரெஷ்கோவா வெறும் பயணி இல்லை

"விண்வெளிக்குப் போன முதல் பெண்ணான வாலன்டினா தெரெஷ்கோவா சாதாரண மில் தொழிலாளி, பிரச்சாரத்துக்காகச் சும்மா ஏற்றி அனுப்பினார்கள்" என்பது பாதிதான் உண்மை. மில்லில் வேலை பார்த்தது சரி, சோவியத் அரசுக்குப் பிரச்சார ஆசை இருந்ததும் சரி. ஆனால் அவர் போன வஸ்தோக் வகை விண்கலத்தில் போனவர்கள் அதோடு சேர்ந்து தரையிறங்கவில்லை, சுமார் 7 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கையோடு வெளியே வீசப்பட்டு, தனியாகப் பாராசூட்டில் இறங்க வேண்டியிருந்தது; தெரெஷ்கோவாவோ யாரோஸ்லாவ்ல் நகரில் ஏற்கெனவே பாராசூட்டில் குதித்துப் பழகியவர். தேர்வில் அது பெரிய தகுதி. 1963 ஜூன் 16 அன்று கிளம்பி, கிட்டத்தட்ட 3 நாளில் பூமியை 48 சுற்று, அதுவும் தன்னந்தனியாக (இன்றுவரை வேறெந்தப் பெண்ணும் தனியாக விண்வெளிக்குப் போனதில்லை). அப்புறம், கலத்தின் தானியங்கி அமைப்பில் திசை தப்பாக இருந்ததால் கீழே இறங்குவதற்குப் பதில் மேலே போயிருக்கும், அதைக் கவனித்துத் தகவல் கொடுத்தது தான்தான் என்றும், வெளியே சொல்ல வேண்டாமென்று சோவியத் விண்கலங்களின் தலைமை வடிவமைப்பாளர் கொரோலேவ் கேட்டுக்கொண்டதால் பல வருடம் வாயைத் திறக்கவில்லை என்றும் அவரே பின்னாளில் சொன்னார்.