எல்லை ஊர் வாசகசாலையில் தமிழில் உதவ ஒரு மேசை

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி போன்ற பஞ்சாயத்துகளில் வீட்டில் தமிழ் பேசி வாழும் குடும்பங்கள் ஏராளம். பென்ஷன் மஸ்டரிங் (பென்ஷன் வாங்குபவர் உயிரோடு இருப்பதை உறுதிசெய்யும் பதிவு) முதல் நில வரி வரை அவர்களுக்கு வரும் அரசுக் கடிதங்கள் பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கின்றன. இந்த இடைவெளியை நிரப்பத் தகுந்த இடம் ஊர் வாசகசாலைதான் என்பது என் உறுதியான கருத்து.

கேரளத்து வாசகசாலை வெறும் புத்தக அலமாரியாக என்றுமே இருந்ததில்லை. நூலக இயக்க முன்னோடி பி.என்.பணிக்கரின் முயற்சியால் 1945இல் 47 நூலகங்களுடன் அம்பலப்புழையில் உருவான திருவிதாங்கூர் நூலகச் சங்கம், பின்னாளில் எழுத்தறிவுப் பணியையும் சேர்த்தே சுமந்தது. இன்றும் அவர் மறைந்த ஜூன் 19 வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. சிறுவர்களுக்குப் பாலவேதி என்ற மன்றமும், பெண்களுக்கு வனிதாவேதி என்ற மன்றமும், அரசுப் பணிக்கான பி.எஸ்.சி. தேர்வுப் பயிற்சியும் பல வாசகசாலைகளில் நடக்கின்றன. ஆனால் எங்கள் பக்கத்து நிகழ்ச்சிகளில் பேச்சு பெரும்பாலும் மலையாளத்திலேயே அமைவதால், முன்வரிசையில் மரியாதையாக உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் பலர் பாதி விளங்காமலேயே எழுந்து போகிறார்கள். மலையாளத்தின் மீது எனக்குக் குறையேதும் இல்லை. நம் பிள்ளைகள் அதை நன்றாகக் கற்கவே வேண்டும். ஆனால் அறுபது வயதைக் கடந்த ஒரு பாட்டி அதைக் கற்று முடிக்கும் வரை அவருடைய பென்ஷன் காத்திருக்காது.

ஆகவே வாரத்தில் ஒரு மாலையாவது, இரண்டு மொழியும் எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவர் வாசகசாலையில் ஓர் உதவி மேசை போட்டு உட்கார வேண்டும். விண்ணப்பத்தை இணையத்தில் ஏற்ற, அரசின் இணையச் சேவை மையமான அக்ஷயா சென்டர் இருக்கிறது. ஆனால் வந்த கடிதம் என்ன சொல்கிறது, எந்தத் தேதிக்குள் யாரைப் பார்க்க வேண்டும் என்று பொறுமையாகப் படித்துச் சொல்ல ஆள் இல்லை. கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் வாழும் தமிழர்கள் அரசுக்குத் தமிழிலேயே எழுத இடமளிக்கிறது. அந்த மனுவை எழுதித் தருவதும் இந்த மேசையின் வேலையாகட்டும். ஒரு கண்டிப்பு மட்டும் அவசியம்: உதவுகிறவர் யாருடைய ஆதார் நகலையும் வைத்துக்கொள்ளக் கூடாது, ஓ.டி.பி.யைக் கேட்கவே கூடாது. நம்பிக்கை ஒருமுறை கெட்டுவிட்டால் மறுபடி யாரும் படியேற மாட்டார்கள்.

பாலவேதியில் மாதம் ஒரு நாள் தமிழ்க் கதை வாசிப்பு நடத்தலாம். கதை சொல்ல ஊர்ப் பாட்டிகளையே அழைக்கலாம். வாசகசாலைக்குக் கிடைக்கும் மானியத்தில் நூல் வாங்கும்போது ஒரு பங்கைப் புதிய தமிழ் நூல்களுக்கு ஒதுக்குவதும் நியாயமே.

இதையெல்லாம் யாரோ வந்து செய்து தருவார்கள் என்று காத்திருக்கத் தேவையில்லை. இந்த வாசகசாலைகளை நடத்துவது உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழு. உறுப்பினராகச் சேராதவருக்குப் பொதுக்குழுவில் பேச்சும் இல்லை, வாக்கும் இல்லை. எனவே தமிழ்க் குடும்பங்கள், குறிப்பாகப் பெண்கள், முதலில் உறுப்பினராகச் சேருங்கள். அடுத்த பொதுக்குழுவில் இந்த மேசைக்கான தீர்மானத்தை எழுதியே கொடுங்கள். வரைவு எழுத உதவி வேண்டுவோர் என்னிடம் கேளுங்கள், எழுதித் தருகிறேன்.