தொடாதீர்கள் என்று சொன்னால் திமிரா?

கன்னியாகுமரியில் நான் காவல் நிற்கும் ஓவியக் கேலரியில், படத்தைத் தொட வந்தவர்களை நான் தடுத்ததைக் காட்டும் ஞாயிற்றுக்கிழமைக் காணொளியைப் பார்த்துவிட்டு அழைத்து விசாரித்த அனைவருக்கும் நன்றி. ஆம், அதில் கையை நீட்டி மறித்துக்கொண்டு நிற்கும் பச்சைச் சேலைக்காரி நான்தான். "திமிர் பிடித்த கேலரிக்காரி" என்று தலைப்பும் கொடுத்திருக்கிறார்கள். அந்த நாற்பது நொடிக்கு முன்பு நான்கு முறை "தயவுசெய்து" என்று சேர்த்துச் சொன்னதைப் படம் பிடிக்க அவர்களுக்குத் தோன்றவில்லை. ஐந்தாவது முறை அந்தச் சொல் விடுபட்டதும்தான் கைபேசி மேலே எழுந்தது.

தொடாதீர்கள் என்பது வசவு அல்ல. அவர்கள் தொட்டது முட்டம் கடற்கரை வள்ளங்களை வரைந்த ஆயில் ஓவியம். அலை நுரைக்காகக் கத்தியால் அப்பிய தடித்த வண்ணம் மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும், உள்ளே மாதக்கணக்கில் இளகியே கிடக்கும். அது நன்றாகக் காயும்வரை வார்னிஷும் பூச முடியாது. அந்த நுரையில் இப்போது நேந்திரங்காய் சிப்ஸ் எண்ணெயோடு ஒரு கட்டைவிரல் பள்ளம் இருக்கிறது. ரேகைகூடத் தெளிவாகத் தெரிகிறது.

"குழந்தைதானே" என்கிறீர்கள். குழந்தையை நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. "தொட்டுப் பார் மக்கா" என்று தூக்கிப் பிடித்தவர் குழந்தை அல்லர்.

நானும் தொட்டவள்தான். ஆறாம் வகுப்பில் பத்மநாபபுரம் அரண்மனைக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே தாய்க்கொட்டாரம் என்ற பகுதியில், ஒற்றைப் பலாமரத்தில் செதுக்கியது என்று சொல்லப்படும் அந்தத் தூணை ஆசிரியை பார்க்காத நேரத்தில் தடவினேன். அரண்மனை நம் மண்ணில் இருந்தாலும் நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையிடம் அல்லவா? "தொடல்லே மோளே" என்று காவலர் குரல் கொடுத்தார். எனக்கு அழுகை வந்தது. வீட்டில் சொன்னபோது அப்பா, "அவர் சொன்னது சரிதானே" என்றார். வேறு யாரிடமும் நியாயம் கேட்க எங்களிடம் கைபேசி இருக்கவில்லை.

"கலைக்கூடங்கள் எளிய மக்களை மிரட்டுகின்றன" என்று ஒருவர் எழுதியிருந்தார். இதில் உண்மை இருக்கிறது. உடையைப் பார்த்து வாசலிலேயே தயங்க வைக்கும் இடங்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் எங்களிடம் நுழைவுக் கட்டணமே கிடையாது. படகு வரிசையில் வெயிலில் நின்றவர்கள் ஏசி காற்றுக்காக உள்ளே வருவார்கள், உட்கார நாற்காலி தருகிறேன். 2024 டிசம்பரில் விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் திறந்தபிறகு கூட்டம் கூடிவிட்டது. வருகிறவர்களில் பாதிப்பேர் கழிவறை எங்கே என்றுதான் முதலில் கேட்கிறார்கள், அதையும் சிரித்தபடியே காட்டுகிறேன். சென்ற வாரம் மீன் விற்கும் ஓர் அக்காள் கூடையை வெளியே வைத்துவிட்டு வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அரை மணி நேரம் பார்த்தார். அந்த வள்ளத்தில் கட்டு தப்பாக இருக்கிறது என்றும் சொல்லிவிட்டுப் போனார். அவரை யார் மிரட்டினார்கள்?

"வாடிக்கையாளரிடம் பணிவு வேண்டும்" என்பவர்களுக்குப் பதில் சொல்லவே மனம் வரவில்லை. வாங்கினால்தானே வாடிக்கையாளர்? "என் பேரன் இதைவிட நன்றாக வரைவான்" என்று சிரித்தவர் வாடிக்கையாளரா? படம் வேண்டாம், சட்டம் மட்டும் என்ன விலை என்று கேட்டவரா? ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு, வரைந்து பிழைக்க முடியாமல் பிறருடைய படங்களுக்குக் காவல் நிற்கிற ஒருத்தியிடம் இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு, அவள் முகம் சுளித்தால் அதையும் படம் பிடிக்கிறீர்கள். இதை எழுத நினைக்கவில்லை, வந்துவிட்டது.

வரைந்தவர் நேற்றுக் குளச்சலிலிருந்து பேருந்தில் வந்தார். பள்ளத்தை வெகுநேரம் பார்த்தார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. படத்தைப் பழைய வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த இடத்தில் ஆணி மட்டும் இருக்கிறது. நாளை முதல் எல்லாப் படங்களுக்கும் முன்னால் கயிறு கட்டப்போகிறேன். விருப்பமுள்ளவர்கள் வந்து கயிற்றையும் காணொளி எடுத்துப் போடுங்கள். காலை பத்து மணிக்குத் திறந்திருக்கும்.