நிஃப்டியை ஷீட்டில் இழுத்துப்போட்டுக் கணக்குப் பார்ப்பவர்கள் கவனத்துக்கு

கூகுள் ஷீட்ஸில், சந்தை விலைகளை இழுத்துவரும் கூகுள்ஃபைனான்ஸ் (GOOGLEFINANCE) ஃபார்முலாவைப் போட்டு நிஃப்டி 50, சென்செக்ஸ் ஆகிய பங்குச் சந்தைக் குறியீடுகளைச் செல்லுக்குள் கொண்டுவந்துவிட்டால் டேட்டா கையில் இருப்பதாகப் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். சந்தை எங்கே நிற்கிறது என்று ஒரு பார்வை பார்க்க அது போதும். அதை வைத்து ஒரு மியூச்சுவல் ஃபண்டை எடைபோடுவதும், ரோலிங் ரிட்டர்ன் (தொடக்கத் தேதியை நகர்த்திக்கொண்டே போய்ப் பார்க்கும் வருமானம்) போடுவதும் தப்பு. முதலீட்டுக் குரூப்களில் வாரம் தவறாமல் சுற்றும் "என் ஃபண்ட் நிஃப்டியை அடித்துவிட்டது" ஷீட்களில் பெரும்பாலானவை இந்த அடித்தளத்தில்தான் நிற்கின்றன.

முதல் கோளாறு, வருவது எந்தக் குறியீடு என்பதிலேயே இருக்கிறது. ஃபார்முலா தருவது விலைக் குறியீடு மட்டும். நிஃப்டியின் 50 கம்பெனிகளும் லாபத்திலிருந்து கொடுக்கும் டிவிடெண்ட் அதில் சேராது. நீங்கள் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் ஃபண்டின் குரோத் என்ஏவியிலோ (ஒரு யூனிட்டின் மதிப்பு) டிவிடெண்ட் உள்ளே வந்து மறுமுதலீடு ஆகியிருக்கும். விலைக் குறியீடு ஆண்டுக்கு 11 சதவீதம், டிவிடெண்ட் 1.3 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 லட்சம் ரூபாய் 10 ஆண்டில் விலைக் குறியீட்டின்படி 2.84 லட்சம், டிவிடெண்டோடு 3.19 லட்சம். நடுவில் இருக்கும் 35,000 ரூபாய் ஃபண்ட் மேனேஜரின் திறமை இல்லை. இந்தக் காரணத்தால்தான் 2018 பிப்ரவரி முதல் மியூச்சுவல் ஃபண்டுகள் டிவிடெண்டையும் சேர்த்த டோட்டல் ரிட்டர்ன் இண்டெக்ஸோடு, அதாவது டிஆர்ஐயோடு ஒப்பிட்டே ரிட்டர்னைக் காட்ட வேண்டும் என்று சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கட்டாயமாக்கியது. ஃபண்ட் கம்பெனிக்கே அனுமதி இல்லாத ஒப்பீட்டை நாம் வீட்டு ஷீட்டில் செய்துகொண்டிருக்கிறோம்.

அடுத்தது தேதி. இங்கேதான் பிழை சத்தமில்லாமல் உள்ளே நுழைகிறது. பழைய டேட்டா கேட்டால் தேதிப் பத்தியில் தேதி மட்டும் வராது, சந்தை முடியும் நேரமான 15:30-உம் ஒட்டிக்கொண்டு வரும். செல் ஃபார்மெட் தேதியை மட்டும் காட்டும்படி இருந்தால் அது கண்ணில் படாது. நீங்கள் டைப் செய்த தேதிக்கு நேரம் 00:00. அதனால், தேதியைத் தேடி விலையை எடுக்கும் விலுக்கப்பில் (VLOOKUP) கடைசியில் ஃபால்ஸ் (அச்சாகப் பொருந்தினால் மட்டும்) போட்டால் என்/ஏ (#N/A) பிழை வரும். அது பரவாயில்லை, பிழை என்று தெரிகிறது. எரிச்சலில் ஃபால்ஸை ட்ரூவாக (அதற்குச் சமமான அல்லது அடுத்த சிறிய மதிப்பு போதும்) மாற்றுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். 00:00 என்பது அதே நாளின் 15:30-ஐவிடச் சிறியது. ஆகவே ஷீட் ஒரு வரி மேலே போய் முந்தைய வர்த்தக நாளின் விலையை எடுத்துத் தரும். ஷீட் முழுக்க ஒரு நாள் தள்ளிப்போயிருக்கும், எந்தச் செல்லிலும் சிவப்பு தெரியாது. மருந்து எளிது: பக்கத்தில் ஒரு பத்தி சேர்த்து, தேதியை இன்ட் (INT) ஃபங்ஷனுக்குள் போட்டு நேரத்தை வெட்டிவிட்டு, அந்தப் பத்தியில் தேடுங்கள். தேதியைக் கையால் 05/04/2024 என்று அடிக்காமல் டேட் ஃபங்ஷனில் ஆண்டு, மாதம், நாள் என்று கொடுங்கள். ஷீட்டின் லொகேல் (நாட்டு அமைப்பு) அமெரிக்காவாக இருந்தால் ஏப்ரல் 5 சத்தமில்லாமல் மே 4 ஆகிவிடும்.

சனி, ஞாயிறைக் கழித்துவிட்டால் வர்த்தக நாள் கிடைத்துவிடும் என்பதும் நம்பக்கூடாத கணக்கு. 2020 பிப்ரவரி 1 சனிக்கிழமை. பட்ஜெட் என்பதால் சந்தை திறந்திருந்தது, நிஃப்டி ஏறக்குறைய 300 புள்ளி இறங்கியது. தீபாவளி விடுமுறையில் சிறிது நேரம் மட்டும் நடக்கும் முகூர்த்த வர்த்தகமும் விடுமுறைப் பட்டியலுக்குள் ஒளிந்திருக்கும். விடுமுறை நாளுக்குத் தனியாக விலை கேட்டால் என்/ஏ வரும் என்பதால், அந்தத் தேதியோடு முடியும் ஒரு வார டேட்டாவைக் கேட்டு அதன் கடைசி வரியை எடுங்கள். என்/ஏவை மறைக்க இஃப்எரர் (IFERROR) போட்டுப் பூஜ்யத்தை நிரப்பாதீர்கள். அந்த ஒரு செல்லால் சராசரியும் ரிட்டர்னும் கெட்டுப்போகும்.

குளோசிங் விலையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பல ஆண்டுகளாக தேசிய பங்குச் சந்தையான என்எஸ்இயில் பங்கின் குளோசிங் விலை என்பது கடைசி அரை மணி நேரத்தின் வெயிட்டட் சராசரி (கைமாறிய பங்குகளின் அளவுக்கேற்ற சராசரி). கடைசி டிரேடு நடந்த விலை இல்லை. குறியீட்டின் குளோசிங்கும் அந்த விலைகளிலிருந்துதான் வருகிறது. 3:31-க்கு ஷீட்டில் தெரியும் எண்ணை அன்றைய குளோசிங் என்று பதிந்தால் சில புள்ளிகள் இடிக்கும். போதாததற்கு, 20 நிமிடம் வரை தாமதம் இருக்கலாம் என்று கூகுளே சொல்கிறது.

பிஇ (விலை லாபத்தைப் போல் எத்தனை மடங்கு என்ற விகிதம்) கதை இன்னும் மோசம். குறியீட்டுக்குப் பிஇ கேட்டால் ஃபார்முலா கொடுக்காது. வேறெங்கிருந்தோ எடுத்து ஒட்டுகிறவர்கள் 2021 மார்ச் கடைசியில் 40-ஐ ஒட்டி இருந்த நிஃப்டி பிஇ சட்டென்று 33-க்கு வந்ததைப் பார்த்து "சந்தை மலிவாகிவிட்டது" என்று சார்ட் போடுகிறார்கள். சந்தை அந்த அளவுக்கு விழவில்லை. என்எஸ்இ ஸ்டாண்ட்அலோன் லாபத்தை (கம்பெனியின் தனி லாபம்) விட்டுவிட்டு கன்சாலிடேட்டட் லாபத்தில் (துணை நிறுவனங்களையும் சேர்த்த லாபம்) கணக்கிடத் தொடங்கியது, அவ்வளவுதான். அந்த மாற்றத்துக்கு முன்னும் பின்னும் சேர்த்து 20 ஆண்டு சராசரி பிஇ போடுவதில் அர்த்தமே இல்லை.

ஆப்ஸ் ஸ்கிரிப்ட் (ஷீட்ஸுக்கான கூகுளின் நிரல் வசதி) எழுதி கூகுள்ஃபைனான்ஸின் பழைய டேட்டாவை வெளியே எடுக்கப் பார்ப்பவர்களுக்கு: அதைக் கூகுள் திட்டமிட்டே தடுத்திருக்கிறது, என்/ஏதான் வரும். வலைப்பக்க அட்டவணையை ஷீட்டுக்குள் இழுக்கும் இம்போர்ட் ஹெச்டிஎம்எல்லை (IMPORTHTML) என்எஸ்இ தளத்தில் காட்டுவதும் வீண். எண்கள் ஜாவாஸ்கிரிப்ட் ஓடிய பிறகுதான் பக்கத்துக்கு வருகின்றன, இந்த ஃபங்ஷன் அதை ஓட்டாது. பழைய விலைகளைத் தரும் எக்செல்லின் ஸ்டாக்ஹிஸ்டரி (STOCKHISTORY) ஃபங்ஷனிலும் எஸ் அண்ட் பி 500 போன்ற குறியீடுகள் கிடைக்காது.

அப்படியானால் டேட்டாவை எங்கே எடுப்பது? என்எஸ்இ இண்டைசஸ் தளத்தில் ஹிஸ்டாரிக்கல் டேட்டா பகுதியில் விலைக் குறியீடு, டிஆர்ஐ, பிஇ-பிபி-டிவிடெண்ட் ஈல்டு (பிபி என்பது விலைக்கும் புத்தக மதிப்புக்கும் உள்ள விகிதம்) மூன்றும் தனித்தனியாக இலவசமாகக் கிடைக்கின்றன. ஃபண்டோடு ஒப்பிட டிஆர்ஐயை எடுங்கள். சிஎஸ்வி கோப்பை டபுள் கிளிக் செய்து திறக்காமல், எக்செல்லின் டேட்டா டேப் வழியாக இம்போர்ட் செய்து தேதி வடிவத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். ரா டேட்டாவுக்கு ஒரு தனி டேப் வைத்து, அதில் ஃபார்முலாவே இல்லாமல் வெறும் மதிப்புகளாக ஒட்டுங்கள். புதிய தேதி மேலே இருந்தால் பழையது மேலே வரும்படி வரிசைப்படுத்துங்கள். தலைப்புகளின் கடைசியில் ஸ்பேஸ் ஒட்டியிருந்தால் டிரிம் செய்யுங்கள். காமாவோடு வந்த எண்கள் டெக்ஸ்ட்டாக நிற்கின்றனவா என்று ஐஎஸ்நம்பர் (ISNUMBER) போட்டுப் பாருங்கள். கூகுள்ஃபைனான்ஸ் இன்னொரு டேபில், இன்றைய நிலவரத்தைக் காட்ட மட்டும் இருக்கட்டும். ரிட்டர்ன் கணக்கின் எந்தச் செல்லும் அந்த டேபைத் தொடக்கூடாது.