சின்ன கார், பெரிய லாரி

"சின்ன கார் எல்லாமே தகர டப்பா" என்று கார் பாதுகாப்பு பற்றிய ஒரு கட்டுரையில் அதை எழுதியவர் ஒரே அடியாக அடித்துவிட்டார். பாதி சரி. கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு ஐந்து வரை நட்சத்திரம் தரும் குளோபல் என்கேப் அமைப்பு 2014இல் மோதிப் பார்த்தபோது நானோ, ஆல்ட்டோ 800 இரண்டுக்கும் பூஜ்ஜிய நட்சத்திரம்தான். இரண்டிலும் ஏர்பேக் கிடையாது. ஆனால் 64 கி.மீ. வேகத்தில் நடக்கும் அந்தச் சோதனை, கிட்டத்தட்ட அதே எடையுள்ள கார் எதிரே வந்து இடிப்பதற்குச் சமம். எங்கள் காரைக்குடி - திருமயம் சாலையில் எதிரே வருவது டிப்பர் லாரியும் ஆம்னி பஸ்ஸும். 750 கிலோ வண்டி ஐந்து நட்சத்திரம் வாங்கியிருந்தாலும் அங்கே எடைதான் ஜெயிக்கும்.

அதற்காகச் சின்ன காரை விட முடியுமா? பெட்ரோல் விற்கும் விலையில் பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் போய்வர அதுதான் கட்டுப்படியாகும். எனக்குக் கவலை பின் சீட்டு. கல்யாண வீட்டுக் காரைப் பாருங்கள், பின்னால் ஐந்து பேர், மடியில் குழந்தை, பெல்ட் சீட்டுக்கு அடியில். ஆச்சியிடம் போடச் சொன்னால் பட்டுச்சேலை கசங்கும் என்பார். (கசங்கத்தான் செய்யும்!) பெல்ட் போடாதவர் முன்சீட்டுக்காரர் முதுகில்தான் போய் விழுவார், முன்னால் எத்தனை ஏர்பேக் இருந்தாலும்.

ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில்தான். அதற்கு முந்தைய பழைய வண்டி வாங்குகிறவர்கள் மைலேஜ் கேட்பதற்கு முன் ஏர்பேக் இருக்கிறதா என்று கேளுங்கள்.